எக்ஸைக் காணோம்! வாசகர் கணக்குக் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன. இரண்டு சமன்பாடு, தெரியாத எண் இரண்டு, ஒன்றை எடுத்து இன்னொன்றில் போட்டு விடை காண்பது. பள்ளியில் பிள்ளைகள் ‘சப்ஸ்டிடியூஷன்’ என்பார்கள், மலாய் வகுப்பில் ‘பெங்கந்தியான்’, நாம் பிரதியிடல் என்போம். வட்டிக் கணக்கு கேட்டு எழுதியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்கு அடுத்த இதழில் பதில்.

கேள்வி: வணக்கம் ஐயா. என் மகன் இடைநிலைப்பள்ளியில் படிவம் 1 படிக்கிறான். டி.எல்.பி. (இருமொழித் திட்டம்) வகுப்பு, கணக்குப் புத்தகம் ஆங்கிலத்தில். நான் படித்தது தமிழ்ப்பள்ளியில், அப்புறம் மலாயில், அவனுக்குச் சொல்லித்தர வரவில்லை. கொடுத்த கணக்கு இதுதான்: 3 ரொட்டி சானாய், 2 தே தாரிக் சேர்த்து 9 வெள்ளி 30 காசு. அதே கடையில் 1 ரொட்டி சானாய், 4 தே தாரிக் 10 வெள்ளி 10 காசு. ஒவ்வொன்றும் என்ன விலை? அவன் போட்டால் கடைசியில் 1010 = 1010 என்று வந்து நிற்கிறது. “அம்மா, எக்ஸைக் காணோம்” என்கிறான். எங்கே தப்பு?
(ஒரு தாய், ஆயர் ஈத்தாம்)

பதில்: எடுத்த இடத்திலேயே திரும்பப் போட்டுவிட்டான், அவ்வளவுதான். பெரிய தப்பு இல்லை, அவன் செய்த மற்றதெல்லாம் சரியாகவே இருக்கும்.

எக்ஸ், ஒய் என்றே வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, பள்ளியில் அப்படி எழுதட்டும், வீட்டில் நீங்கள் சொல்லித்தரும்போது ரொட்டியின் விலையை ‘ர’ என்றும் தேநீரின் விலையை ‘த’ என்றும் வையுங்கள். எல்லாவற்றையும் காசாக மாற்றிவிட்டால் புள்ளித் தொல்லையும் இல்லை.

3ர + 2த = 930
ர + 4த = 1010

இப்போது உடனே கணக்கில் இறங்காமல் ஒரு நிமிடம் இரண்டு வரியையும் வெறுமனே பார்க்கச் சொல்லுங்கள். நான்கு எழுத்துகள் நிற்கின்றன, அதில் முன்னால் எண் ஒட்டாமல் தனியாக நிற்பது எது? இரண்டாம் வரியின் ர. அதைத்தான் பிடிக்க வேண்டும், ஏனென்றால் அதைத் தனியாகப் பிரிக்க வகுக்கவே தேவையில்லை, 4தவை அந்தப் பக்கம் தள்ளினால் போதும்:

ர = 1010 − 4த

இந்த வரியைப் பையன் வாயால் சொல்லிப் பார்க்கட்டும். “ஒரு ரொட்டியின் விலை என்பது 1010 காசில் நான்கு தேநீரின் விலையைக் கழித்தது.” ஒரு வெள்ளி நோட்டு கேட்ட இடத்தில் பத்து 10 காசு நாணயங்களை எண்ணிக் கொடுத்தால் கடைக்காரர் வாங்கிக்கொள்வாரே, அது மாதிரி ர கேட்கிற எந்த இடத்திலும் (1010 − 4த) என்று கொடுக்கலாம், மதிப்பு ஒன்றுதான். ஆனால் அதை எங்கே கொடுப்பது? உங்கள் மகன் இரண்டாம் வரியிலிருந்து எடுத்ததை இரண்டாம் வரியிலேயே கொடுத்தான். (1010 − 4த) + 4த = 1010. த போய்விட்டது, மிஞ்சியது 1010 = 1010. அந்த வரி சொன்னதையே அந்த வரியிடம் திருப்பிச் சொன்னால் அது “ஆமாம்” என்று மட்டும்தான் சொல்லும். புதுச் செய்தி முதல் வரியில் இருக்கிறது, அங்கே போட வேண்டும்:

3(1010 − 4த) + 2த = 930
3030 − 12த + 2த = 930
3030 − 10த = 930
10த = 2100
த = 210

தே தாரிக் 2 வெள்ளி 10 காசு. ர = 1010 − 840 = 170, ரொட்டி 1 வெள்ளி 70 காசு.

அடைப்புக்குறியை மட்டும் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று ரொட்டிக்கு மூன்று முறை அந்த முழுக் கோவையும் வர வேண்டும், பிள்ளைகள் 3 × 1010 − 4த என்று எழுதிவிட்டு 3030 − 4த என்று போய்விடுவார்கள், 12 வர வேண்டிய இடத்தில் 4 உட்கார்ந்திருக்கும். ஒரு ரொட்டிக்கு நான்கு தேநீர் கழிக்கிறோம் என்றால் மூன்று ரொட்டிக்கு எத்தனை தேநீர் கழிப்போம் என்று கேளுங்கள், அவனே திருத்திக்கொள்வான்.

கேள்வி: கைப்பேசியைக் கணக்குக்கு நேரே காட்டினால் செயலி வரி வரியாக விடை சொல்லிவிடுகிறது. என் மகள் அதைப் பார்த்துத்தான் வீட்டுப்பாடம் செய்கிறாள். தடுக்க வேண்டுமா?
(வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: தடுத்தால் தோழியின் கைப்பேசியில் பார்ப்பாள். விடை சரியா என்று அவளே கண்டுபிடிக்கத் தெரிந்துவிட்டால் செயலியின் தேவை பாதி குறைந்துவிடும், அதைச் சொல்லிக்கொடுங்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, பல பேர் கவனிப்பதில்லை. சரிபார்க்கும்போது எந்தச் சமன்பாட்டில் போட்டுப் பார்க்கிறோம் என்பது முக்கியம்.

ஒரு கணக்கு: க = 3ம − 7, 5ம − 2க = 4. முதல் வரியில் க தயாராகவே நிற்கிறது, இரண்டாவதில் போட வேண்டியதுதான். 5ம − 2(3ம − 7) = 4. இங்கே −2ஐ −7ஆல் பெருக்கினால் +14. அவசரத்தில் −14 என்று எழுதுகிற பிள்ளைகள்தான் அதிகம். அப்படி எழுதினால் −ம − 14 = 4, ம = −18, பிறகு க = 3 × (−18) − 7 = −61. இந்த இரண்டையும் முதல் வரியில் போட்டுப் பாருங்கள், அழகாகப் பொருந்தும்! பொருந்தாமல் என்ன செய்யும், கவைக் கண்டுபிடித்ததே அந்த வரியை வைத்துத்தானே. இரண்டாவது வரியில் போட்டால் −90 + 122, அதாவது 32 வருகிறது. 4 வர வேண்டும். மாட்டிக்கொண்டது.

சரியான விடை ம = 10, க = 23. 50 − 46 = 4. கவையோ எக்ஸையோ எந்த வரியிலிருந்து பிரித்தோமோ அதில் சரிபார்ப்பது வீண் வேலை, மற்றதில் பார்க்க வேண்டும். முழுக்கணக்கையும் செயலியைப் பார்த்துச் செய்ததைவிட இந்த ஒரு வரியைத் தன் கையால் செய்தாள் என்றால் அது மேல்.

கேள்வி: சார், நான் படிவம் 4. எனக்கு நீக்கல் முறை நன்றாக வரும், மேலும் கீழும் பெருக்கி, கழித்து, முடித்துவிடுவேன். பிரதியிடலில் பின்னம் வந்து உயிரை எடுக்கிறது. எஸ்.பி.எம். தேர்வுக்கு இது ஒன்றே போதாதா?
(மாணவர், பிறை)

பதில்: தம்பி, பின்னம் வருவதற்கு முறையைத் திட்டாதே, எந்த எழுத்தைப் பிரித்தாய் என்று பார். தனியாக நிற்கிற எழுத்து ஒன்று இருந்தால் பிரதியிடல், எல்லாவற்றுக்கும் முன்னால் எண் ஒட்டிக்கொண்டிருந்தால் நீக்கல், இதுதான் நான் கைக்கொள்வது. கேள்வியிலேயே இந்த முறையில் செய் என்று கேட்டிருந்தால் பேச்சுக்கே இடமில்லை, அந்த முறைதான்.

உன் பக்கத்து நியாயத்துக்கு ஒரு பழைய கணக்கே சாட்சி. கர்நாடகப் பகுதியில் 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சமணக் கணித அறிஞர் மகாவீரர் போட்ட கணக்கு அது: எலுமிச்சை இனத்துப் பெரிய பழம் 9, விளாம்பழம் 7, சேர்த்து விலை 107. முதல் பழம் 7, விளாம்பழம் 9 என்றால் 101. ஒவ்வொன்றும் என்ன விலை? முதல் பழத்தை ப, விளாம்பழத்தை வ என்று வைத்துப் பிரதியிட்டால் ப = (107 − 7வ) ÷ 9 என்று ஆரம்பத்திலேயே முள். இதை இரண்டாவதில் போட்டு, 9ஆல் பெருக்கி நேராக்கினால் 749 − 49வ + 81வ = 909, 32வ = 160, வ = 5 என்று வந்துவிடும், வராது என்று சொல்ல மாட்டேன், ஆனால் வியர்க்கும். அதையே இரண்டு வரியையும் கூட்டிப் பார்: 16ப + 16வ = 208, ஆகவே ப + வ = 13. கழித்துப் பார்: 2ப − 2வ = 6, ப − வ = 3. இப்போது ப = வ + 3 என்று எடுத்து ப + வ = 13இல் போட்டால் 2வ + 3 = 13, வ = 5, ப = 8. கடைசியில் செய்தது என்ன? பிரதியிடல்தான். நீக்கல் முறைக்காரர்களும் ஒரு எழுத்தின் மதிப்பு கிடைத்ததும் அதை ஏதாவது ஒரு வரியில் போட்டுத்தானே அடுத்த எழுத்தைக் காண்கிறீர்கள்.

ஆனால் இது ஒன்றே போதும் என்று நீ சொல்வதை ஒத்துக்கொள்ள முடியாது. படிவம் 4இல் கூடுதல் கணிதம் எடுத்திருக்கிறாய் என்றால் ஒரு சமன்பாடு நேர்கோடாகவும் இன்னொன்று வர்க்கத்தோடும் வரும் கணக்குகள் உண்டு. ஒரு செவ்வகத்தின் சுற்றளவு 14 மீட்டர், மூலைவிட்டம் 5 மீட்டர், நீள அகலம் என்ன என்று கேட்டால், நீ + அ = 7, நீ² + அ² = 25. இதில் எதை எதால் பெருக்கிக் கழிப்பாய்? கழித்தாலும் எழுத்து போகாது. நீ = 7 − அ என்று எடுத்துப் போட்டால் 49 − 14அ + அ² + அ² = 25, சுருக்கினால் அ² − 7அ + 12 = 0, அ 3 அல்லது 4. ஒன்று அகலம், மற்றது நீளம். இந்த இடத்தில் பிரதியிடல் கையில் இல்லாதவன் பேனாவை மூடி வைத்துவிட வேண்டியதுதான். படிவம் 5 கணிதத்தில் அணிகளை (மேட்ரிக்ஸ்) வைத்தும் இரட்டைச் சமன்பாடு தீர்க்கச் சொல்லுவார்கள், அதையும் “எனக்கு நீக்கல் தெரியும்” என்று ஒதுக்கிவிடாதே.

கேள்வி: டியூசனில் பிள்ளைகள் சரியாகவே அடுத்த வரியில் போடுகிறார்கள், ஆனாலும் சில கணக்கில் 14 = 14 என்று வருகிறது, சிலவற்றில் 14 = 15 என்றே வந்துவிடுகிறது. “டீச்சர், கணக்கு தப்பு” என்கிறார்கள். எப்படி விளக்குவது?
(டியூசன் ஆசிரியை, ஜார்ஜ்டவுன்)

பதில்: மேலே ஆயர் ஈத்தாம் பையனுக்கு வந்த 1010 = 1010 அவன் போட்ட இடம் தப்பியதால் வந்தது. உங்கள் பிள்ளைகளுக்கு வருவது வேறு ரகம், இங்கே அவர்கள் கை சரி, கொடுத்த தகவல்தான் அப்படி.

திரும்பவும் அந்த ரொட்டி, தே தாரிக் கடைக்கே போகலாம். ஒரு மேசையில் 1 ரொட்டி, 2 தேநீர், 7 வெள்ளி. பக்கத்து மேசையில் 2 ரொட்டி, 4 தேநீர், 14 வெள்ளி. ர = 7 − 2த என்று எடுத்து இரண்டாவதில் போட்டால் 14 − 4த + 4த = 14, தேநீர் மறைந்து 14 = 14. இரண்டாம் மேசை முதல் மேசையைப் போல அப்படியே இரண்டு மடங்கு சாப்பிட்டிருக்கிறது, அதனால் விலையைப் பற்றிப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. ரொட்டி 1 வெள்ளி, தேநீர் 3 வெள்ளியாகவும் இருக்கலாம், ரொட்டி 2, தேநீர் 2.50 ஆகவும் இருக்கலாம், எண்ணற்ற விடைகள். அதே இரண்டாம் மேசைக்கு 15 வெள்ளி வாங்கினால்? 14 = 15. எந்த விலை வைத்தாலும் இரண்டு பில்லும் ஒத்துவராது, விடையே இல்லை. கல்லாவில் யாரோ கூட்டியதில் பிசகு. பிள்ளைகளிடம் “கணக்கு தப்பு என்று நீங்கள் சொன்னீர்களே, அதைத்தான் கணக்கும் சொல்கிறது” என்று சொல்லுங்கள், சிரித்துக்கொண்டே புரிந்துகொள்வார்கள். வரைபடத்தாளில் போட்டுக் காட்டினால் முதல் வகையில் இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று படுத்திருக்கும், இரண்டாவதில் தண்டவாளம் போலச் சேராமல் போகும்.

கேள்வி: நாங்கள் தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் ஆசிரியர் பிரம்போடு நின்று கேட்பார். கோழியும் ஆடும் சேர்த்துத் தலை 35, கால் 94, கோழி எத்தனை, ஆடு எத்தனை? எழுத்து, சமன்பாடு ஒன்றும் இல்லை, வாயாலேயே சொல்லிவிடுவோம். இப்போது என் பேரன் அரைப் பக்கம் எழுதுகிறான். எதற்கு இந்தச் சுற்றுவழி?
(ஓய்வு பெற்றவர், பாயான் பாரு)

பதில்: ஐயா, நீங்கள் சொன்ன அதே எண்கள், 35 தலையும் 94 காலும், சீனாவில் ஏறக்குறைய 1,500 ஆண்டுகளுக்கு முன்பே கேட்கப்பட்டவை. அங்கே ஆட்டுக்குப் பதில் முயல். பக்கத்து வீட்டுச் சீனப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், கோழியும் முயலும் ஒரே கூண்டில் என்றதும் பிடித்துக்கொள்வார்கள்.

நீங்கள் வாயால் போட்டது எப்படி என்று எனக்குத் தெரியும். எல்லாமே கோழி என்று வைத்துக்கொண்டால் 70 கால். 24 கால் மிச்சம் வருகிறது. ஒரு கோழியை எடுத்து ஆட்டை விட்டால் 2 கால் கூடும். 24ஐ 2ஆல் வகுத்தால் 12 ஆடு, மீதி 23 கோழி. சரிதானே? இப்போது பேரனின் நோட்டைப் பாருங்கள். கோழி = 35 − ஆடு என்று எடுத்து, கால் கணக்கில் போட்டிருப்பான்:

2(35 − ஆ) + 4ஆ = 94
70 − 2ஆ + 4ஆ = 94
70 + 2ஆ = 94
2ஆ = 24

நீங்கள் மனதில் சொன்ன 70 அங்கே இருக்கிறது. நீங்கள் சொன்ன “2 கால் கூடும்” என்பது 2ஆ. 24 இருக்கிறது. ஒரு வரி கூட வித்தியாசம் இல்லை, நீங்கள் தலையில் வைத்திருந்ததை அவன் தாளில் வைத்திருக்கிறான். நீங்கள் அன்று செய்ததும் பிரதியிடல்தான், பெயர் சொல்லித் தரவில்லை, பிரம்பு மட்டும் இருந்தது.

பின்னே எழுத்து எதற்கு என்றால், கால் இரண்டு நான்கு என்று எண்கள் சாதுவாக இருக்கும்வரை வாய்க்கணக்கு ஓடும். பாபிலோனியர் களிமண் பலகை ஒன்று பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 3,500 ஆண்டுகளுக்கும் மூத்தது. அதில் இரண்டு வயல் கணக்கு. முதல் வயல் ஒரு சார் நிலத்துக்கு 2/3 சீலா தானியம் தரும், இரண்டாவது 1/2 சீலா. இரண்டும் சேர்ந்து 1,800 சார் நிலம். முதல் வயலிலிருந்து வந்தது இரண்டாவதைவிட 500 சீலா அதிகம். (சார் அவர்களுடைய நில அளவு, சீலா தானிய அளவு.) ஒவ்வொரு வயலும் எவ்வளவு பெரியது? இதை வாயால் சொல்லிப் பாருங்கள்.

அந்தக் காலத்து ஆள் செய்ததும் உங்கள் வழியேதான். இரண்டும் சரிபாதி, 900 சார் என்று வைத்துக்கொண்டான். தானியம் 600, 450, வித்தியாசம் 150 மட்டுமே, 350 குறைகிறது. ஒரு சார் நிலத்தை இரண்டாவதிலிருந்து முதலுக்கு மாற்றினால் இங்கே 2/3 கூடும், அங்கே 1/2 குறையும், வித்தியாசம் 7/6 ஏறும். 350ஐ 7/6ஆல் வகுத்தால் 300. ஆகவே 1,200 சாரும் 600 சாரும். பேரனிடம் கொடுத்தால் இரண்டாம் வயல் = 1800 − மு என்று எடுத்து, 2/3 மு − 1/2 (1800 − மு) = 500 என்று எழுதி, 7/6 மு = 1400, மு = 1200 என்று முடித்துவிடுவான். அந்த 7/6 அவனுக்கும் வருகிறது பாருங்கள், ஆனால் அது ஏன் வந்தது என்று அவன் யோசிக்க வேண்டியதில்லை, அடைப்புக்குறியைப் பிரித்தால் தானாக வந்து விழுகிறது. அதுதான் எழுத்தின் லாபம். நட்டம் என்னவென்றால், ஏன் வந்தது என்று பல பிள்ளைகள் யோசிப்பதே இல்லை. அந்த இடத்தில் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து “இந்த 70 என்னடா?” என்று கேட்டால் நல்லது.

கேள்வி: வீடு மாற்ற வேன் வாடகைக்கு எடுக்கிறோம், பாயான் லெப்பாஸிலிருந்து சுங்கைப்பட்டாணிக்கு. ஒரு கடை நாளுக்கு 60 வெள்ளி, மேலே கிலோமீட்டருக்கு 50 காசு கேட்கிறது. இன்னொரு கடை 90 வெள்ளி, கிலோமீட்டருக்கு 30 காசு. எது மலிவு? இதற்கும் சமன்பாடு வேண்டுமா?
(வாசகர், பாயான் லெப்பாஸ்)

பதில்: வேண்டும், ஆனால் இதைவிட எளிதான கணக்கு உங்களுக்குக் கிடைக்காது. வாடகை = 60 + 0.5கி. வாடகை = 90 + 0.3கி. இரண்டிலும் வாடகை ஏற்கெனவே தனியாகத்தான் நிற்கிறது, பிரிக்கிற வேலையே இல்லை. ஒன்றை எடுத்து மற்றதில் வைத்தால் 60 + 0.5கி = 90 + 0.3கி, 0.2கி = 30, கி = 150. அன்றைக்கு வேன் 150 கிலோமீட்டர் ஓடினால் இரண்டு கடையிலும் 135 வெள்ளி. அதற்குக் குறைவாக ஓடினால் முதல் கடை, கூட ஓடினால் இரண்டாவது. வேனைத் திருப்பிக் கொண்டுவந்து விடுவதற்கும் கிலோமீட்டர் ஓடும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாமான் அதிகம், இரண்டு நடை அடிப்போம் என்றால் யோசிக்கவே வேண்டாம், இரண்டாவது கடைதான், 150ஐ நன்றாகவே தாண்டிவிடும். பாலத்து டோலும் டீசலும் வாடகையில் சேர்த்தியா, தனியா என்று இரண்டு கடையிலும் முதலில் கேட்டுவிடுங்கள், ஒரு கடை சேர்த்து மற்றது சேர்க்கவில்லை என்றால் அந்த 60உம் 90உம் மாறும், 150உம் இடம் மாறிவிடும்.